மின்வழி ஏலத்தில் மோசம் போகாதிருத்தல்

விருதுநகர் ஜில்லாவின் சாகுபடி பெரும்பாலும் மழையை நம்பியது. சாத்தூர், அருப்புக்கோட்டை, விருதுநகர்ப் பகுதிகளின் கரிசல் நிலங்களில் பருத்தி, மக்காச்சோளம், உளுந்து, பாசிப்பயறு, குதிரைவாலி, கொத்தமல்லி, மிளகாய் ஆகியவை மானாவாரியாகப் பயிராகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையடியிலுள்ள ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்புப் பகுதிகளில் கண்மாய்களையும் கிணறுகளையுங் கொண்டு நெல், தென்னை, மா முதலியன பயிரிடப்படுகின்றன. எவ்வகைப் பயிராயினும், குடியானவனுடைய பல மாதத்து உழைப்பு முழுவதும் விற்பனையாகும் ஒரே நாளில் பணமாக மாறுகிறது. விதை, உரம், கூலி, கடன் வட்டி, அடுத்த போகத்துச் செலவு ஆகிய எல்லாம் அப்பணத்தைப் பொறுத்தே நிற்கின்றன.

முற்காலத்தில் அப்பணத்தைக் கவர வேண்டுமாயின் திருடன் கிராமத்திற்கு வந்தாக வேண்டும். இக்காலத்திலோ ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து, முகங் காட்டாமல், கைப்பேசியில் இரண்டு வார்த்தை பேசியே அதனைக் கவர்ந்து கொள்ளுகின்றனர். மின்வழியாகப் பொருளை ஏலங்கூறி விற்பதும், வாங்குவதும், பணம் பட்டுவாடா செய்வதும் குடியானவர்களுக்கு மிக்க அனுகூலமானவை. அவற்றை அஞ்சி ஒதுக்குதல் தகாது. ஆனால் அவற்றின் முறையை அறியாது இறங்குதலும் தகாது. "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது பழமொழி. மின்வழி ஏலத்தில் அளக்க வேண்டியவை எவை என்பதை எடுத்துரைப்பதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

ஏல முறை வந்த வரலாறு

இந்தியாவில் விளைபொருள் வியாபாரம் நெடுங்காலம் தரகர் கையில் இருந்தது. துணியின் கீழே கையை மறைத்து, விரல்களைப் பிடித்து விலை பேசும் வழக்கம் பல சந்தைகளில் நடைபெற்றது. எவர் என்ன விலை கேட்டார் என்பது பொருளுக்குரிய குடியானவனுக்கே தெரியாது. நிறையில் கழிவு, மாதிரிக்கென்று ஒரு பங்கு, தர்மத்திற்கென்று ஒரு பங்கு எனப் பல பிடித்தங்களும் இருந்தன. இக்குறைகளை ஆராய்ந்த ராஜாங்க விவசாயக் கமிஷன், 1928ஆம் வருஷத்து அறிக்கையில், சட்டத்தினால் ஒழுங்குபடுத்தப்பட்ட சந்தைகள் ஏற்படவேண்டுமென்று கூறியது. அதன் பயனாகச் சென்னை மாகாணத்தில் 1933இல் வாணிபப் பயிர்கள் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டு, 1936இல் திருப்பூரில் முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் தோன்றியது. இப்பொழுது தமிழ்நாட்டில் நடைபெறும் விற்பனைக்கூடங்கள் 1987ஆம் வருஷத்து வேளாண் விளைபொருள் விற்பனை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் இயங்குகின்றன.

14-4-2016இல் மத்திய சர்க்கார் 'இ-நாம்' என வழங்கும் தேசிய மின்னணு வேளாண் சந்தையைத் தொடங்கினர். முதலில் 8 ராஜ்யங்களிலுள்ள 21 சந்தைகள் அதில் இணைந்தன. பின்னர்த் தமிழ்நாட்டு விற்பனைக்கூடங்களும் சேர்ந்தன. அண்டையிலுள்ள போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரமும் வாசனைப் பொருள் வாரியத்தின் உரிமம் பெற்றவர்களால் மின்வழி ஏலமாகவே நடந்து வருகிறது.

பொதுமக்கள் தமக்குள் ஒருவருக்கொருவர் ஏலம் விடும் முறை வெளிநாட்டில் பிறந்தது. அமெரிக்காவில் 1995இல் பியர் ஒமிட்யார் என்பவர் தொடங்கிய ஏலத்தளம் பின்னர் 'ஈபே' எனப் பெயர் பெற்றது. அதில் முதலில் விலைபோனது உடைந்த லேசர் சுட்டுகோல் ஒன்று. அதன் கிரயம் 14 டாலர் 83 சென்ட். அந்நிறுவனம் 2004இல் இந்தியாவின் 'பாஸீ' என்னும் ஏலத்தளத்தை வாங்கி நடத்தியது. அந்த இந்தியத் தளம் 2018இல் மூடப்பட்டது. ஆயினும் பழைய டிராக்டர், மோட்டார், கால்நடை முதலியவற்றைப் படத்தோடு அறிவித்து விலை கேட்கும் தளங்களும், வாட்ஸ்அப் குழுக்களும் இப்பொழுது கிராமங்கள்தோறும் பரவியுள்ளன. விற்பனைக்கூடத்து ஏலத்திற்கும் இவற்றிற்கும் உள்ள பேதத்தை உணராமையே பல நஷ்டங்களுக்கு மூலகாரணமாகும்.

விற்பனைக்கூடத்து ஏலத்தின் நான்கு காப்புகள்

இ-நாம் முறையில் குடியானவர் பொருளைக் கொண்டு வந்தவுடன் வாயிலில் அவர் பெயர், கைப்பேசி எண், வங்கிக் கணக்கு, பொருளின் விவரம் ஆகியவை பதியப்பட்டு, அக்குவியலுக்கு ஓர் எண் கொடுக்கப்படுகிறது. அடுத்து மாதிரி எடுத்து ஈரப்பதம், தூசு, சேதம் முதலியன சோதிக்கப்படும். அச்சோதனைக் குறிப்பைக் கண்டு உரிமம் பெற்ற வியாபாரிகள் மின்வழியாக விலை கேட்கின்றனர். ஏலம் முடிந்ததும் உயர்ந்த கேள்வி அறிவிக்கப்படுகிறது. அவ்விலை கட்டாவிடின் குடியானவர் விற்க மறுக்கலாம். பொருளைக் கிடங்கில் வைத்துப் பொருளீட்டுக் கடன் பெற்று, நல்ல விலை வருமளவும் காத்திருக்கலாம். விலையை ஒப்புக்கொண்டால், மின்னணுத் தராசில் எடை போடப்பட்டு, விற்பனைச் சீட்டு எழுதப்பட்டு, பணம் வங்கிக் கணக்கில் சேர்க்கப்படும்.

இம்முறையில் நான்கு காப்புகள் அமைந்திருப்பதைக் காணலாம். முதலாவது ஆள்: வாங்குபவர் உரிமம் பெற்றவர், அவர் இருப்பிடம் தெரிந்தது. இரண்டாவது பொருள்: அது கண்முன் உள்ளது, தரம் சோதிக்கப்பட்டது. மூன்றாவது நிறை: எடை இரு தரப்பாருக்கும் பொதுவான தராசில் போடப்படுகிறது. நான்காவது பணம்: பட்டுவாடா எழுத்து மூலமாகவும் வங்கி மூலமாகவும் நடைபெறுகிறது. ஆள், பொருள், நிறை, பணம் என்னும் இந்நான்கில் ஒன்று குறைந்த இடத்திலேயே மோசடி புகுகிறது. ஆகையால் மின்வழியில் எந்தப் பேரம் வந்தாலும் இந்நான்கையும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தல் வேண்டும்.

இக்காப்புகளைக் குடியானவரே கைவிடும் சமயங்களும் உண்டு. ஏலம் முடிந்தபின் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "கூடத்து விலைக்குமேல் குவிண்டாலுக்கு 500 ரூபாய் கூட்டித் தருகிறேன், சரக்கை லாரியில் ஏற்றிவிடுங்கள், பணம் சாயந்திரம் வரும்" என்று சொல்லுகிறார் என்க. உதாரணத்திற்காக, 10 குவிண்டால் மிளகாய் வற்றல், குவிண்டால் 15,000 ரூபாய் வீதம் 1,50,000 ரூபாய் பெறுமென வைத்துக்கொண்டால், கூடுதலாகக் கிடைப்பது 5,000 ரூபாய். ஒரு தடவை பணம் வாராதொழிந்தால் ஏற்படும் நஷ்டம் 1,50,000 ரூபாய். அந்நஷ்டத்தை ஈடுகட்ட இத்தகைய ஆதாயம் தவறாது முப்பது தடவை கிடைத்தாக வேண்டும். இக்கணக்கை அறிந்தவர் லாரியில் சரக்கேற்றுமுன் பணத்தைக் கேட்பார்.

சிவகாசியின் பெயரால் நடக்கும் மோசடி

அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து 1923இல் சிவகாசியில் அதனைத் தொடங்கினர். அதிலிருந்து வளர்ந்த பட்டாசுத் தொழில் இந்நாட்டில் சிவகாசி என்னும் பெயருக்கே ஒரு மதிப்பை உண்டாக்கியது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளில் மானாவாரிக் குடும்பங்கள் பல, நிலத்தில் வேலையற்ற மாதங்களில் அத்தொழிலினாலேயே ஜீவிக்கின்றன. அம்மதிப்பையே மோசக்காரர்கள் தூண்டிலாகப் போடுகின்றனர்.

தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன்னர், பேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் முதலியவற்றில், சிவகாசித் தொழிற்சாலையிலிருந்து நேரே பட்டாசு வருமென்றும், பெருந்தள்ளுபடி உண்டென்றும் விளம்பரங்கள் தோன்றுகின்றன. பெயர் பெற்ற கம்பெனிகளின் சின்னங்களையும் படங்களையும் திருடி, உண்மைத் தளம் போலவே பொய்த்தளம் அமைக்கின்றனர். விலைப்பட்டியல் வாட்ஸ்அப்பில் வரும். பணம் ஒரு தனிநபர் கணக்கிற்கு அனுப்பச் சொல்லுவர். அனுப்பியபின், லாரி வாடகை என்றும் வரி என்றும் மேலும் கேட்பர். பின்னர் அந்த எண் பதில் பேசாது. தமிழ்நாடு போலீஸ் இலாகாவின் சைபர் குற்றப் பிரிவினர் 2024ஆம் வருஷத்துத் தீபாவளிக்கு முன்னர் இதுபற்றிப் பொதுமக்களை எச்சரித்தனர்.

இம்மோசடியைக் கண்டறிய ஒரு சிறு விதி போதும். பட்டாசு வெடிமருந்தாகையால் 2008ஆம் வருஷத்து வெடிபொருள் விதிகளின்படி உரிமம் பெற்றவர்களே அதனை விற்கலாம். உச்ச நீதிமன்றம் 23-10-2018இல் பிறப்பித்த உத்தரவில், மின்வணிகத் தளங்கள் பட்டாசு விற்கலாகாதென்று விதித்தது. தபாலில் வெடிமருந்து அனுப்புதல் தடுக்கப்பட்டுள்ளது. ரயில் பிரயாணிகள் பட்டாசு கொண்டுசெல்லுதலும் குற்றமாகும். ஆகவே, "கூரியரில் வீட்டு வாயிலுக்கே பட்டாசு வந்து சேரும்" என்று ஒருவர் வாக்களித்தால் அவ்வாக்கே அவருடைய பொய்க்குச் சாட்சியாகும். வேண்டுவோர் உரிமமுள்ள கடைக்கு நேரிற் சென்று, சரக்கைக் கண்டு, ரசீது பெற்று வாங்குதலே முறை. தீபாவளிச் சீட்டுச் சேருவோரும், சீட்டு நடத்துபவர் யார், பணம் எக்கணக்கில் சேருகிறது என்பவற்றை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

இவ்விஷயம் வெளியூரில் பட்டாசு வாங்குவோரை மட்டும் பற்றியதன்று. ஒவ்வொரு வஞ்சனையும் சிவகாசியின் பெயரைக் கெடுக்கிறது. பெயர் கெட்டால் சரக்குத் தேங்கும். சரக்குத் தேங்கினால் கரிசற்காட்டுக் குடும்பங்களின் கூலியும் குறையும். மேலும், அதே தந்திரம் விதை, உரம், சூரிய சக்தி மோட்டார் முதலியவற்றின் பெயராலும் நடைபெறுகிறது. மானியத்தில் சூரிய மோட்டார் தருவதாகச் சொல்லிப் பதிவுக் கட்டணம் வாங்கும் பொய்த்தளங்களைப் பற்றி மத்திய சர்க்கார் பலமுறை எச்சரிக்கை விடுத்திருக்கின்றனர்.

விற்பவரை ஏமாற்றும் வகைகள்

பணம் பெறவேண்டியவர் பணத்தை இழப்பது எவ்வாறு என்று பலர் வியக்கின்றனர். அது நடக்கும் விதம் பின்வருமாறு.

பழைய மோட்டாரையோ, கறவை மாட்டையோ விற்பதாக அறிவித்த சில நிமிஷங்களில் ஒருவர் அழைப்பார். பொருளை நேரில் பாராமலே கேட்ட விலைக்கு ஒப்புக்கொள்ளுவார். தாம் ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி அடையாளச் சீட்டின் படத்தையும் அனுப்புவார். "பணம் அனுப்ப ஒரு கியூ.ஆர். குறி அனுப்பியுள்ளேன், அதனை உங்கள் கைப்பேசியால் படித்து ரகசிய எண்ணைப் போடுங்கள், பணம் வந்துவிடும்" என்பார். நம்பிக்கைக்காக முதலில் ஒரு ரூபாய் அனுப்பிக் காட்டுவதும் உண்டு. அவ்வாறு குறியைப் படித்து ரகசிய எண்ணை அழுத்தியதும் பணம் வருவதற்குப் பதிலாக விற்பவர் கணக்கிலிருந்தே போய்விடும்.

இதில் மறவாது மனத்திற் கொள்ளவேண்டிய விதி ஒன்றே. யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபொழுதும் தேவையில்லை. குறியைப் படிக்கவேண்டியதும் இல்லை. ரகசிய எண்ணை அழுத்துவது பணத்தைக் கொடுப்பதற்கே. தனிநபர் ஒருவர் மற்றொருவரிடம் பணங்கேட்டு விண்ணப்பம் அனுப்பும் வசதியைத் தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2025 அக்டோபர் முதல் நிறுத்திவிட்டது. ஆயினும் கியூ.ஆர். குறியினால் செய்யும் வஞ்சனைக்கு இவ்விதியை நினைவில் வைத்தலே மருந்தாகும்.

இரண்டாவது வகை பொய் ரசீது. பணம் அனுப்பியதாகத் திருத்திய படத்தையோ, வங்கி அனுப்பியது போன்ற குறுஞ்செய்தியையோ காட்டிச் சரக்கை ஏற்றிச் செல்லுவர். சிலர், 20,000 ரூபாய்க்குப் பதிலாக 30,000 ரூபாய் தவறி அனுப்பிவிட்டதாகவும், மிகுதி 10,000 ரூபாயை உடனே திருப்பி அனுப்பவேண்டுமெனவும் அழுது கேட்பர். செய்தி வந்தது வேறு. பணம் வந்தது வேறு. வங்கிக் கணக்கின் இருப்பைத் தாமே திறந்து பார்த்து, தொகை சேர்ந்திருந்தால் மட்டுமே சரக்கை விடுதல் வேண்டும். மிகுதிப் பணம் உண்மையாகவே வந்திருப்பினும், அதனைத் தாமே திருப்பி அனுப்பாமல் வங்கியில் தெரிவித்து வங்கி மூலமாகவே தீர்த்துக்கொள்ளுதல் நலம்.

மூன்றாவது வகை, கைப்பேசியையே கைப்பற்றுதல். சர்க்கார் உதவித்தொகை என்றோ, ஏலப் பதிவு என்றோ சொல்லி வாட்ஸ்அப்பில் ஒரு 'ஏ.பி.கே.' கோப்பை அனுப்புவர். அதனைத் திறந்து நிறுவினால், வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி. எண்களை அயலார் படிக்க வழி ஏற்படும். வாட்ஸ்அப்பில் வந்த செயலி எதனையும் நிறுவாதிருத்தலே உத்தமம்.

வாங்குபவரை ஏமாற்றும் வகைகள்

ஏலத்திற்கே உரிய வஞ்சனை பொய்க்கேள்வி. விற்பவரே வேறு பெயர்களில், அல்லது தம் கூட்டாளிகளைக் கொண்டு, விலையை உயர்த்திக் கேட்கச் செய்வார். கேள்வி போட்டி ஏறுவதைக் கண்டு, பொருளின் மதிப்பை மறந்து பிறரும் ஏறிக் கேட்பர். இதற்குப் பரிகாரம், ஏலத்திற்கு முன்பே வெளிச்சந்தையில் அப்பொருளின் விலையை விசாரித்து, தாம் கொடுக்கக்கூடிய உச்ச விலையை ஒரு தாளில் எழுதி வைத்து, அதற்கு மேல் ஒரு ரூபாயும் கேளாதிருத்தல்.

மற்றொன்று, ஏலத்தில் தோற்றவருக்கு வரும் தனிக்கடிதம். "வென்றவர் விலகிவிட்டார், அடுத்த கேள்வி தங்களுடையது, தளத்திற்கு வெளியே இக்கணக்கில் பணம் செலுத்தினால் பொருள் தங்களுக்கே" என்று அதில் எழுதியிருக்கும். தளத்தில் நடந்த ஏலத்தின் பணத்தைத் தளத்திற்கு வெளியே செலுத்தினால், அத்தளத்தின் பாதுகாப்பு எதுவும் உதவாது.

டிராக்டர் வாங்குவோர் விசேஷமாகக் கவனிக்கவேண்டியவை உண்டு. படத்தில் கண்ட வண்டியை நேரிற் கண்டு, எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் பதிவுச் சான்றோடு ஒப்பிடுதல் அவசியம். அச்சான்றில் நிதி நிறுவனத்தின் கடன் குறிப்பு உள்ளதா என்பதைப் பரிவாகன் தளத்திலோ வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலோ அறியலாம். கடன் குறிப்பு இருப்பின், கடன் தீர்ந்ததற்கான 35ஆம் எண் படிவத்தையும், உரிமை மாற்றத்திற்கான 29, 30 எண் படிவங்களையும் பெறாமல் கிரயம் முழுவதையும் கொடுத்தல் கூடாது. கால்நடை வாங்குவோர், படத்தையும் பால் கறக்கும் காட்சியையும் நம்பி முன்பணம் அனுப்பாமல், தொழுவத்திற்குச் சென்று இருவேளைக் கறவையையும் கண்டபின்னரே பேரம் முடித்தல் வேண்டும்.

நில ஏலமும் அதன் விதிகளும்

வங்கிகள் கடனுக்காகப் பிடித்த சொத்துக்களையும் மின்வழியாக ஏலம் விடுகின்றன. அதற்கென அமைந்த 'பேங்க்நெட்' தளம் 2025 ஜனவரியில் தொடங்கப்பட்டது. இத்தகைய ஏலம் 2002ஆம் வருஷத்து 'சர்பாசி' சட்டத்தையும் அதன் விதிகளையும் அனுசரித்து நடப்பது. குறைந்தபட்ச விலை முன்னரே அறிவிக்கப்படும். ஏலம் கேட்போர் முன்வைப்புத்தொகை கட்ட வேண்டும். ஏலம் எடுத்தவர் அன்றே அல்லது அடுத்த வேலை நாளுக்குள் கிரயத்தில் நூற்றுக்கு 25 பங்கும், மீதியைச் சாதாரணமாக 15 நாட்களுக்குள்ளும் செலுத்தவேண்டும். தவறினால் கட்டிய தொகை பறிபோகும். சொத்து 'உள்ளது உள்ளபடி' விற்கப்படுவதால் குடியிருப்போர், வழக்கு, வரிபாக்கி ஆகியவற்றை விசாரிப்பது வாங்குபவர் பொறுப்பே.

இங்கே நிலச்சுவான்தார்கள் அறியவேண்டிய முக்கிய விஷயம் ஒன்றுண்டு. விவசாய நிலத்தின்மீது ஏற்பட்ட ஈட்டுரிமைக்கு அச்சட்டம் செல்லாது என்று அதன் 31ஆம் பிரிவு கூறுகிறது. ஆகையால், அச்சட்டத்தின்கீழ் விளைநிலம் மலிவாக ஏலம் போவதாக வரும் அறிவிப்பைக் கண்டவர், வங்கிக் கிளைக்கு நேரிற் சென்று கேட்காமல் முன்வைப்புத்தொகை கட்டலாகாது. எந்த நிலமாயினும் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றைப் பார்த்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் விசாரித்தல் வேண்டும். முன்வைப்புத்தொகை தனிநபர் பெயரிலுள்ள கணக்கிற்கு ஒருபொழுதும் செலுத்தப்படுவதன்று.

குடியானவர் கைக்கொள்ள வேண்டிய ஜாக்கிரதைகள்

1. சர்க்கார் தளமெனக் கூறப்படுவதன் முகவரி 'ஜி.ஓ.வி.', புள்ளி, 'ஐ.என்.' என முடிகிறதா என்று பார்த்தல். வங்கிகளின் தளங்கள் 'பேங்க்', புள்ளி, 'ஐ.என்.' என முடியவேண்டுமென்று ரிசர்வ் வங்கி விதித்து, 2025 அக்டோபர் 31ஆம் தேதியைக் கெடுவாக வைத்தது.

2. வங்கி மூலம் பணம் அனுப்புமுன் பெறுபவர் பெயரைச் சரிபார்த்தல். நெப்ட், ஆர்.டி.ஜி.எஸ். முறைகளில் கணக்குக்குரியவர் பெயரை முன்னரே காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1ஆம் தேதிக்குள் அமைக்கும்படி ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. கம்பெனிக்கென்று கேட்ட பணம் வேறொரு தனி ஆளின் பெயருக்குப் போவதாயின் அங்கேயே நிறுத்திக்கொள்ளுதல்.

3. ஓ.டி.பி. எண்ணையும் ரகசிய எண்ணையும் எவரிடமும், வங்கி அதிகாரியென்று சொல்லுவோரிடமும் கூட, கூறாதிருத்தல்.

4. விளைபொருள் விற்பனைக்குத் தனிக் கணக்கு ஒன்றும், கைப்பேசிச் செலவுக்குச் சிறு தொகையுள்ள கணக்கு ஒன்றும் வைத்துக்கொள்ளுதல். சிறு கணக்கு மட்டுமே கைப்பேசியோடு இணைந்திருப்பின், மோசம் நேரினும் போவது சிறு தொகையே.

5. "இன்னும் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும்" என்று அவசரப்படுத்தும் பேரத்தை அன்றைக்கு விட்டுவிடுதல். நல்ல வியாபாரி ஒரு நாள் பொறுப்பார்.

6. விற்பனைச் சீட்டு, எடைச்சீட்டு, வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய குறிப்பு ஆகியவற்றை ஒரு வருஷமாவது அழியாமற் காத்தல்.

மோசம் நேர்ந்தபின் செய்யவேண்டியது

மோசம் போனதை உணர்ந்தவுடன் ஒரு நிமிஷமும் தாமதியாது 1930 என்னும் எண்ணிற்குத் தொலைபேசி செய்யவேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து பல கணக்குகளுக்குப் பிரிந்து, கடைசியில் ரொக்கமாக எடுக்கப்படுமுன் அதனை நிறுத்தி வைப்பதே இவ்வேற்பாட்டின் கருத்து. பயிரில் பூச்சி கண்ட அன்றே மருந்தடிப்பதற்கும், ஒரு வாரங் கழித்து அடிப்பதற்கும் உள்ள பேதமே இங்கும் உண்டு. எந்த வங்கி, எக்கணக்கு, எத்தனை ரூபாய், எத்தனை மணி, யு.பி.ஐ. ஆயின் 12 இலக்கப் பரிவர்த்தனை எண் யாது என்பவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுதல் நலம். அடுத்து, தங்கள் வங்கிக்கு அறிவித்து, தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் புகார் பதியவேண்டும். குற்றம் வேறு ஜில்லாவில் நடந்ததென்று சொல்லி எந்தப் போலீஸ் நிலையமும் தகவலைப் பதிய மறுக்கலாகாதென்பது 1-7-2024 முதல் அமலிலுள்ள நாகரிக் சுரக்ஷா சட்டத்தின் 173ஆம் பிரிவு.

கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோருக்கு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவின்படி மூன்று வருஷம் வரை சிறையும், ஒரு லக்ஷம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வாங்கிய பொருளில் குறை கண்ட நுகர்வோர் 1915 என்னும் எண்ணிலும், இ-நாம் வியாபாரத்தில் சந்தேகமுடையோர் 1800-270-0224 என்னும் எண்ணிலும் விசாரிக்கலாம். ஆனால் ஒன்று: இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லிக் கட்டணம் கேட்டு வரும் அழைப்பு, முதல் மோசடியின் இரண்டாம் பாகமே. சர்க்கார் அதிகாரி எவரும் பணத்தை மீட்க முன்பணம் கேட்பதில்லை.

கிராம உத்தியோகஸ்தர்களின் கடமை

மோசம் போனவர் பெரும்பாலும் வெட்கத்தினால் வாய் திறவாதிருக்கிறார். அம்மௌனத்தினால் அதே எண்ணிலிருந்து அடுத்த வீட்டாருக்கும் அழைப்பு வருகிறது. ஆகையால் கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர், கூட்டுறவுச் சங்கச் செயலாளர் ஆகியோர், ஏமாந்தவரை இகழாமல், உடனே 1930க்குப் பேச உதவுதல் பெரும் உபகாரமாகும். ஊராட்சி அலுவலகம், கூட்டுறவுச் சங்கம், நியாயவிலைக் கடை ஆகிய இடங்களில் அவ்வெண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். கிராம சபை கூடும் ஆறு நாட்களில் அக்டோபர் 2ஆம் தேதி, பட்டாசு மோசடி மிகுந்துள்ள காலத்தை ஒட்டி வருகிறது. அன்று இதுபற்றிப் பத்து நிமிஷம் பேசினால் கிராமத்தார் பலர் காப்பாற்றப்படுவர்.

மற்றொரு தீமையையும் அவர்கள் தடுக்கவேண்டும். மோசடிப் பணம் போய்ச் சேருவதற்கு மோசக்காரர்களுக்கு அயலார் வங்கிக் கணக்குகள் தேவை. மாதம் சில ஆயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி, வேலையற்ற வாலிபரிடமிருந்து வங்கிப் புத்தகம், ஏ.டி.எம். அட்டை, சிம் அட்டை ஆகியவற்றை வாங்கிச் செல்லுகின்றனர். அக்கணக்கில் வந்த பணத்திற்குப் போலீஸார் முதலில் தேடி வருவது கணக்குக்குரிய வாலிபரையே. கணக்கை வாடகைக்கு விடுதல் வீட்டைத் திருடனுக்கு வாடகைக்கு விடுவதைக் காட்டிலும் கொடியது என்பதைப் பெற்றோர்களும் பிள்ளைகளும் அறியச் செய்தல் வேண்டும்.

குடியானவர்கள் தத்தம் விளைபொருளை அருகிலுள்ள ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்து மின்னேலத்தில் விற்று, அதன் நான்கு காப்புகளின் பயனையும் அடைவார்களாக. வெளியார் பேரத்தில் இறங்க நேரின், ஆள் யார், பொருள் எங்கே, நிறை எது, பணம் வந்ததா என்னும் நான்கு கேள்விகளையும் கேட்டபின்னரே கையை நீட்டுவார்களாக. ஒன்றுக்கேனும் தெளிவான விடை கிடையாவிடின், அப்பேரத்தை விடுவதால் நஷ்டம் ஒன்றுமில்லை. சரக்குக் கிடங்கில் இருக்கிறது, அடுத்த ஏலம் அடுத்த நாள் வருகிறது.